னகரத்துக்குத் தப்பிய தோட்டம்

பெயரை நம்பி ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறவர்களை இலண்டன் மாநகர் இனிதாக ஏமாற்றும். கோவென்ட் கார்டன் என்ற பெயருக்கு ‘மடத்துத் தோட்டம்’ என்று பொருள். சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஜேம்ஸ் தெரு வழியே தெற்கே நடந்தால் எதிர்ப்படுவதோ கல் பாவிய ஒரு பெருஞ்சதுக்கம். அதன் நடுவே தூண்வரிசையும் கண்ணாடிக் கூரையும் கொண்ட பழைய சந்தைக் கட்டடம். ஒரு பக்கம் பேர்பெற்ற இசைநாடக அரங்கு. மேற்கே ஒரு தேவாலயத்தின் அகன்ற முகப்பு. வெட்டவெளியில் வித்தை காட்டுவோரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம். மடத்தையும் காணோம், தோட்டத்தையும் காணோம்.

பெயரிலாவது மடம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தால், அங்கும் ஓர் எழுத்துக் குறைகிறது. நாம் அறிந்த சொல் கான்வென்ட், இதுவோ கோவென்ட். யாரோ பிழையாக எழுத, பிழையே நிலைத்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. கோவென்ட் என்ற பெயருள்ள ஒரு செல்வரின் தோட்டமாக இருந்திருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டுமே பொருந்தாது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை எழுத்துக் குறைந்த வடிவமே மூத்தது. முழுதாகத் தோன்றும் கான்வென்ட்தான் பின்னால் வந்த இளையது. சொல்லின்பம் அறிந்தவர்க்கு இந்தப் பெயரே ஒரு தோட்டம் என்பதால், உள்ளே புகுந்து ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்து வருவோம், வாருங்கள்.

வேரிலிருந்து தொடங்கலாம். இலத்தீனில் ‘கொன்வெனிரே’ என்றால் ஒன்றுகூடி வருதல். ‘கும்’ என்னும் உடனிகழ்ச்சிச் சொல் முன்னே நின்று கொம், கொன், கோ எனப் பலவாகத் திரியும். ‘வெனிரே’ என்றால் வருதல். இவ்விரண்டும் சேர்ந்து பிறந்த பெயர்ச்சொல் ‘கொன்வெந்துஸ்’: கூடிவந்தோர், கூட்டம், அவை. உரோமப் பேரரசில் ஆளுநர் ஊர் ஊராகச் சென்று வழக்குக் கேட்கும் நாள்களில் திரளும் மன்றத்துக்கு அதுவே பெயர். இன்னும் ஓர் அடி ஆழம் போனால் நமக்குப் பழக்கமான ஒரு சொல்லின் உறவு தட்டுப்படுகிறது. வருதலைக் குறிக்கும் இலத்தீன் வினையும், செல்லுதலைக் குறிக்கும் ‘கம்’ என்ற வடமொழி வினையும், வருதலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘கம்’ என்ற வினையும் ஒரே முதுமொழி வேரின் கிளைகள். ஆகவே ஆறுகள் கூடுமிடத்தை நாம் சங்கமம் என்னும்போது அச்சொல்லின் பிற்பாதியும் கான்வென்ட்டின் பிற்பாதியும் உடன்பிறப்புகள். முற்பாதிகள் இரண்டும் பிறப்பால் வேறாயினும் ‘உடன்’ என்ற பொருளால் ஒன்று. தமிழ் இந்தக் கருத்துக்குத் தன் சொந்த வினையையே எடுத்துக்கொண்டு கூடல் என்றது. மதுரைக்கும் அதைப் பெயராகச் சூட்டி மகிழ்ந்தது.

கூட்டம் எப்படி மடமாயிற்று? கிறித்தவத் துறவியர் ஒரே கூரையின்கீழ் ஒரே ஒழுங்கை ஏற்று வாழத் தொடங்கியபோது, அந்த மாந்தர் திரளுக்குக் கொன்வெந்துஸ் என்ற பெயர் வந்தது. கட்டடத்துக்கு வந்த பெயர் வேறு. மொனஸ்தேரியம் என்ற அச்சொல்லின் கிரேக்க அடியாகிய ‘மொனொஸ்’ என்பதற்குத் தனி, ஒன்று என்று பொருள். காட்டிலும் பாலையிலும் தனித்து வாழ்ந்த முனிவர்களின் இருப்பிடத்துக்குப் பிறந்த பெயர் அது. ஒரே நிறுவனத்தை ஒரு சொல் தனிமை என்கிறது, இன்னொரு சொல் கூட்டம் என்கிறது, இரண்டும் பொய்யில்லை. தனிமையை நாடியவர்கள் கூடி வாழ்ந்ததே மடம்.

இந்த வேறுபாடு நம் பெயருக்கு உயிர்நிலை. வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர்ப்பெயரின் பின்பகுதியான ‘மின்ஸ்டர்’, மொனஸ்தேரியம் தேய்ந்து ஆனது. மேற்கு மடம் என்பது அதன் பொருள். அங்கே தூய பேதுருவின் பெயரால் அமைந்த பெனடிக்ட் சபை ஆண்துறவியர் மடமே இன்று அரசர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. இடைக்கால ஆவணங்கள் இத்தகைய மடத்தைச் சட்ட உருவாகக் குறிக்கும்போது ‘மடத்தலைவரும் கூட்டத்தாரும்’ என்று இணைத்தே எழுதும். சொத்திலும் தலைவர் பங்கு வேறு, கூட்டத்தார் பங்கு வேறு என்ற பிரிவு இருந்தது. மடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே, மதிலுக்குள் அடங்கிக் கிடந்த தோட்டம் துறவியர் கூட்டத்தின் உடைமை. எனவே கோவென்ட் கார்டன் என்பதை மடத்துத் தோட்டம் என்பதைவிடக் ‘கூட்டத்தார் தோட்டம்’ என்பது இன்னும் நெருக்கமான பொருள். அந்தப் பெயரில் கட்டடம் ஏதும் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள்.

கன்னியர் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கான்வென்ட் என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளை அங்கியணிந்த சகோதரிகள். இடைக்கால ஆங்கிலத்திலோ அச்சொல் பால் பாகுபாடு அறியாதது. ஆண்துறவியர் கூடினாலும் கோவென்ட், பெண்துறவியர் கூடினாலும் கோவென்ட். ஜிப்ரால்டரில் பிரித்தானிய ஆளுநர் வாழும் மாளிகைக்கு இன்றும் ‘கான்வென்ட்’ என்றே பெயர். 1531இல் பிரான்சிஸ்கன் சபை ஆண்துறவியருக்காக எழுந்து, 1728 முதல் ஆளுநர் இல்லமாக இருக்கும் கட்டடம் அது. போர்த்துகல் நாட்டுத் தொமார் நகரில் ‘கிறிஸ்துவின் கொன்வெந்து’ என்று பெயர் தாங்கி நிற்பதும் ஆடவர் சபையின் இல்லமே. பெண்துறவியர் இல்லம் என்று ஆங்கிலப் பேச்சில் பொருள் சுருங்கியது பிற்காலத்தில். பொருள் சுருங்குவது சொல்லுலகில் புதிதன்று. மணம் என்னும் பொதுப்பொருளில் நின்ற நாற்றம் இன்று தீமணத்துக்கு மட்டும் ஆனதை நாம் அறிவோம்.

இனி ஒலிக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் இனிப்பான இடம் இதுவே. கொன்வெந்துஸ் என்ற இலத்தீன் சொல் மக்கள் வாயில் புரண்டு பழைய பிரெஞ்சாக மாறும் வழியில், வகரத்துக்கு முன் நின்ற மூக்கொலி கரைந்துபோனது. கொன்வெந்த் கொவெந்த் ஆயிற்று. பிரெஞ்சு மொழி இன்றுவரை அதை மீட்கவில்லை. பாரிசில் மடத்துக்குக் ‘கூவான்’ என்றுதான் பெயர், முதல் னகரம் எழுத்திலும் இல்லை, ஒலியிலும் இல்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு அங்கே அரண்மனை மொழியாகவும் அறமன்ற மொழியாகவும் அமர்ந்தபோது, இந்த மெலிந்த வடிவமே ஆங்கிலத்துக்குள் இறங்கியது. அதனால்தான் அன்றைய ஆங்கிலேயருக்குக் கோவென்ட் என்பதே இயல்பான, பிழையற்ற, படித்தவரும் பாமரரும் வழங்கிய சொல்.

தமிழ்ப் புணர்ச்சி அறிந்தவருக்கு இந்தத் தேய்வு வியப்பளிக்காது. மரமும் வேரும் புணர்ந்தால் மகரம் கெட்டு மரவேர் ஆகிறது. வட்டமும் வடிவும் சேர்ந்தால் வட்டவடிவு ஆகிறது. இலத்தீன் ‘கும்’ என்பதும் மகர ஈறே. அதன் மூக்கொலி வகரத்துக்கு முன்னே கெட்டதும், நம் மகர ஈறு வகரத்துக்கு முன்னே கெடுவதும் எண்ணி மகிழத்தக்க ஓர் ஒப்புமை. இதைக் கொண்டு இருமொழிக்கும் குடும்ப உறவு கட்டிவிடக் கூடாது. வாயும் மூக்கும் எந்நாட்டவர்க்கும் ஒன்றே என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே சொல்லாய்வின் ஒழுக்கம்.

அதே தேய்ந்த வடிவிலிருந்து கிளைத்த சுற்றமும் ஆங்கிலத்தில் உண்டு. உடன்படிக்கையைக் குறிக்கும் ‘கவனன்ட்’ என்ற சொல், கூடிவந்து ஒத்துக்கொள்ளுதல் என்ற கருத்தில் பிறந்தது. அதிலும் முதல் னகரம் இல்லை. இன்னொரு சுற்றத்தார் சற்றே நாணத்துக்குரியவர். சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘கவன்’ என்று பெயர். 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் நடந்த சூனிய விசாரணைகளில் இப்பொருளில் தலைகாட்டிய அச்சொல்லும் கூடிவருதல் என்ற இதே குலத்தில் உதித்ததுதான். செபமாலை ஏந்திய கன்னியரும் துடைப்பம் ஏறிய கிழவியரும் சொல்வழியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கவென்ட்ரி என்ற நகரப் பெயரையும் ஓசை ஒப்புமையால் இக்குலத்தில் சேர்க்கத் தோன்றும். ஆனால் அது ‘கோஃபா என்பவனின் மரம்’ என்ற பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது என்பதே அறிஞர் கொள்கை. ஓசை ஒன்றானால் உறவும் ஒன்று என்று நம்புகிறவர், ஆலமரத்தடியில் ஆலை தேடுவார்.

பெயரின் இரண்டாம் பாதியும் எளிதானதன்று. கார்டன் என்பதன் அடியில் இருப்பது அடைப்பு, சுற்றுமதில், வேலி என்ற கருத்து. ஜெர்மானியக் கிளையிலிருந்து பிரெஞ்சுக்குள் புகுந்த இச்சொல், பாரிசுப் பக்கம் ஜகரமாக இளகி ‘ழார்தான்’ ஆக, வடக்கே நார்மன் பேச்சில் ககரமாகவே நிலைத்தது. ஆங்கிலம் ககர வடிவை ஏற்றது. முற்றத்தைக் குறிக்கும் ஆங்கில ‘யார்டு’ அதன் ஒன்றுவிட்ட உறவு. ஆக, பூவும் காயும் பின்னால் வந்தவை. வளைத்துக் கட்டியதே கார்டன். தமிழில் வேலி என்ற சொல் இதே வழியில் வேறொரு பக்கமாக நடந்திருக்கிறது. முள்ளால் அடைத்த காப்புக்குப் பெயரான அது, நில அளவுக்கும் பெயராகி, இருபது மா கொண்டது ஒரு வேலி எனச் சோழநாட்டு உழவர் நாவில் நிலைபெற்றது. அடைத்தது நிலமாயிற்று, அடைப்பின் பெயரே அளவாயிற்று.

வெஸ்ட்மின்ஸ்டர் துறவியர் மதில் வளைத்த பரப்பு ஏறத்தாழ 40 ஏக்கர். நம் கணக்கில் ஆறு வேலி. மேற்கே செயின்ட் மார்ட்டின் சந்து, கிழக்கே துரூரி சந்து, வடக்கே இன்றைய ஃபுளோரல் தெரு, தெற்கே மெய்டன் சந்தின் ஓரமாகச் செல்லும் கோடு எனக் காலால் நடந்து அளந்துவிடக்கூடிய எல்லை. பழமரங்களும் காய்கறிப் பாத்திகளும் உழுநிலமும் மேய்ச்சல் நிலமும் அங்கே இருந்தன. மடத்து அடுக்களைக்கு விளைந்தது போக எஞ்சியது விலைக்குப் போயிற்று. வடக்கு மதிலுக்கு வெளியே மடத்துக்கு உரியதாய்க் கிடந்த நீண்ட துண்டு நிலம் இன்று ‘லாங் ஏக்கர்’ என்ற தெரு. ஏக்கர் என்பது முதலில் அளவுச்சொல் அன்று. வயல் என்பதே அதன் பழைய பொருள். வேலி அடைப்பிலிருந்து அளவுக்கு வந்ததுபோல ஏக்கர் வயலிலிருந்து அளவுக்கு வந்தது. அளவாகிக் கப்பலேறித் தமிழகத்துக்கு வந்து, நம் வேலியையும் காணியையும் குழியையும் பத்திரங்களிலிருந்து ஓரங்கட்டியது.

தெருப்பெயர்களின் வழியே இன்னும் சற்றுத் தென்கிழக்கே நடந்தால் ஆல்ட்விச் வருகிறது. துறவியருக்கும் முந்திய காலத்தின் குரல் அது. ‘பழைய வணிகக் குடியிருப்பு’ என்பது அதன் பொருள். உரோமர் விட்டுச்சென்ற மதில் நகருக்கு மேற்கே ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கட்டிய லுண்டன்விச் என்ற வணிக ஊர் எங்கே இருந்தது என்று ஆய்வாளர் நெடுங்காலம் தேடினர். 1980களில்தான் அது கோவென்ட் கார்டனைச் சுற்றிய மண்ணுக்கடியில் இருந்ததென்று தெளிந்தனர். மண்வெட்டி கண்டுபிடிக்கும்வரை ஆல்ட்விச் என்ற பெயர் அந்தச் செய்தியைத் தெருவோரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்பாரில்லை.

துறவியரின் காலம் எட்டாம் ஹென்றியோடு முடிந்தது. 1536இல் தோட்டம் மன்னர் கைக்கு மாறியது. 1540இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடமே கலைந்தது. நாடெங்கும் மடங்கள் இடிந்தன, நிலங்கள் கைமாறின. இலண்டனில் எஞ்சியவை பெயர்கள். கறுப்பு மேலங்கி அணிந்த தொமினிக்கன் சபையார் வாழ்ந்த இடம் பிளாக்ஃபிரையர்ஸ். கார்த்தூசியர் வாழ்ந்த இடம் சார்ட்டர்ஹவுஸ், பிரெஞ்சு மலைநாட்டு ‘ஷார்த்ரூஸ்’ என்ற ஊர்ப்பெயரை ஆங்கில வாய் தனக்குத் தெரிந்த இரு சொற்களாக உடைத்துக்கொண்ட விந்தை அது. மினோரீஸ் என்ற தெருவோ கன்னியரின் நினைவு. தூய கிளாராவின் சபைப் பெண்துறவியர் தங்களைச் ‘சிறிய சகோதரிகள்’ என்று அழைத்துக்கொண்டனர்; ‘சிறிய’ என்ற அந்த இலத்தீன் அடையே தேய்ந்து தெருவாகக் கிடக்கிறது.

1552இல் ஆறாம் எட்வர்டு மன்னர் கோவென்ட் கார்டனையும் லாங் ஏக்கரையும் பெட்ஃபர்டு கோமகன் ஜான் ரஸ்ஸலுக்கு வழங்கினார். அந்தக் கொடையிலும் பெயர் கோவென்ட்தான். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் ஆங்கில அறிஞரிடையே ஒரு திருத்த வேட்கை பரவியது. பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த சொற்களை இலத்தீன் ஏடுகளோடு ஒத்துப்பார்த்து, விடுபட்ட எழுத்துகளைத் திரும்பச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் சொல்லில் ஒலிக்காத பகரமும், ஐயத்தைக் குறிக்கும் சொல்லில் ஒலிக்காத பகரமும் அப்படி நுழைந்தவையே. அந்த அலையில் கோவென்ட்டுக்கும் னகரம் திரும்பக் கிடைத்துக் கான்வென்ட் ஆயிற்று. அந்தப் பகரங்கள் எழுத்தோடு நின்றுகொள்ள, இந்த னகரம் நாவிலும் ஏறிக்கொண்டது. பொதுச்சொல் திருந்தியது, தோட்டத்தின் பெயர் திருந்தவில்லை. மடம் கலைந்து, அச்சொல்லின் பொருளோடு தொடர்பு அறுந்துபோன பின், கோவென்ட் என்பது யாருக்கும் வெறும் ஊர்ப்பெயர். பொருள் மறந்ததால் திருத்தத் தோன்றவில்லை. திருத்தாததால் பழைய ஒலி பிழைத்தது.

அதன்பின் அந்தப் பெயர் ஏற்ற பொருள்களைக் கேளுங்கள். 1630களில் நான்காம் பெட்ஃபர்டு கோமகன் பிரான்சிஸ் ரஸ்ஸல், இனிகோ ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அந்த வெளியில் இத்தாலியப் பாணிச் சதுக்கம் ஒன்றை எழுப்பினார். இலண்டனில் அதற்குமுன் அப்படியொன்று இருந்ததில்லை. அதைப் ‘பியாட்சா’ என்று அழைத்தார்கள். அகன்ற தெரு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் இத்தாலியப் பேரன் அது. இலண்டன்வாசிகளோ வெட்டவெளியை விட்டுவிட்டு, அதைச் சுற்றிய தூண்தாழ்வாரத்துக்குப் பியாட்சா என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். அந்தத் தவறு கடல் கடந்து, வட அமெரிக்காவின் சில பகுதிகளில் வீட்டுத் தாழ்வாரத்துக்கே பியாட்சா என்ற பெயர் வரக் காரணமாயிற்று.

1670இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் பட்டயம், அங்கே பழமும் பூவும் கிழங்கும் கீரையும் விற்கும் சந்தைக்கு உரிமை தந்தது. துறவியர் விளைவித்த நிலத்துக்கு விளைச்சல் வெளியிலிருந்து வண்டியேறித் திரும்பி வந்தது. 1830இல் சார்லஸ் ஃபவுலர் கட்டிய சந்தைக் கட்டடமே இன்று நாம் பார்ப்பது. மூன்று நூற்றாண்டுகளுக்குமேல் கோவென்ட் கார்டன் என்றால் இலண்டன்காரருக்குக் காய்கறி என்றே பொருள். 1732இல் ஜான் ரிச் தொடங்கிய நாடக அரங்கு, தீயால் அழிந்தும் மீண்டும் எழுந்தும் அரச இசைநாடக அரங்காக வளர்ந்தபின், இசை வல்லார் வழக்கில் ‘கோவென்ட் கார்டனில் பாடினார்’ என்றால் உலகின் உயர்ந்த மேடைகளுள் ஒன்றில் ஏறினார் என்று பொருளாயிற்று. இடத்தின் பெயர் ஒருவருக்கு முட்டைக்கோசு, இன்னொருவருக்கு மேல்தாயி இசை.

இடையே ஓர் இழிபொருளும் ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் அப்பகுதி மதுக்கடைகளுக்கும் பரத்தமைக்கும் பேர்போனது. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் ‘கோவென்ட் கார்டன் கன்னியாஸ்திரி’ என்றால் விலைமகள், ‘கோவென்ட் கார்டன் மடத்தலைவி’ என்றால் அவளை வைத்துத் தொழில் நடத்துபவள். குறும்பர் யாரோ பெயருக்குள் மறைந்திருந்த மடத்தைத் தோண்டியெடுத்திருக்கிறார். பொருள் மறந்துபோனதாகக் கருதப்பட்ட பெயரின் பொருளை நினைவில் வைத்திருந்தது சாக்கடையோரப் பேச்சு. அகராதிகள் கொச்சையையும் தொகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மேற்கே நிற்கும் தேவாலயம் இனிகோ ஜோன்ஸ் கட்டிய தூய பவுல் ஆலயம். அதன் முகப்புத் தூண்களின் அடியில்தான் பெர்னாட் ஷா தம் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தொடங்குகிறார்: மழைக்கு ஒதுங்கிய கூட்டம், பூ விற்கும் எலைசா, ஒவ்வொருவர் பேச்சையும் ஒலிக்குறிப்பால் எழுதிக்கொண்டு அவரவர் பிறந்த தெருவைச் சொல்லிவிடும் ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ். தேய்ந்த பேச்சைத் திருத்திச் சீமாட்டி ஆக்கும் கதை, திருத்தத்துக்கு வசப்படாத ஒரு பெயரின் மண்ணில் தொடங்குவது ஷா எண்ணியதோ எண்ணாததோ, நமக்கு விருந்து.

திருந்திய கான்வென்ட் என்ன ஆயிற்று? அது கப்பலேறி நம்மிடம் வந்தது. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தரத் தொடங்கினார்கள். பிற சபையாரும் தொடர்ந்தார்கள். மடமும் பள்ளியும் ஒரே மதிலுக்குள் இருந்ததால் மடத்தின் பெயர் பள்ளிக்கும் ஆயிற்று. இன்று ‘பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்திருக்கிறோம்’ என்று சொல்லும் பெற்றோர் எந்தக் கன்னியரையும் நினைப்பதில்லை. ஆங்கில வழிப் பள்ளி என்பதே பொருள். பிள்ளையாரின் பெயரில் கான்வென்ட் உண்டு, முருகன் பெயரில் உண்டு. தமிழ்க் காதில் ஆங்கிலத்தின் அந்தக் குறுகிய ஒகர ஒலி டாக்டரிலும் காலேஜிலும் ஆனதுபோல ஆகாரமாய் நீண்டு ‘கான்’ ஆனது. கோவென்ட் கார்டனிலும் அதே குறுகிய ஒலிதான். ஆயினும் அந்தப் பெயர் பேச்சு வழியே வராமல் ஏட்டு வழியே வந்ததால் ஓகாரத்தோடு எழுதிவிட்டோம்.

துறவியர் இல்லம் கல்விக்கூடமாகப் பொருள் மாறுவதைக் கண்டு, தமிழர் ஆங்கிலச் சொல்லைத் திரித்துவிட்டார்கள் என்று நகைப்பவர்க்கு நம் மொழியே விடை வைத்திருக்கிறது. பள்ளி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை, உறையுள் என்பன அதன் பழம்பொருள்கள். பள்ளியறையும் பள்ளியெழுச்சியும் அவற்றை இன்றும் காக்கின்றன. மதுரை மாவட்டத்து மாங்குளம் குகையில், தமிழி எழுத்தில் ‘பளிய்’ என்று வெட்டப்பட்ட சொல் சமணத் துறவியரின் உறைவிடத்தைச் சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கி முதலில் சென்றடைவது கவுந்தியடிகளின் பள்ளி. பூமரச் சோலை சூழ்ந்த இடம் அது. பெண்துறவி ஒருவரின் மடமும் அதன் தோட்டமும் நம் காப்பியத்திலேயே இருக்கின்றன. கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் அடியில் உள்ள கல்வெட்டுகள் குரத்தியர் எனப் பெண் ஆசான்களைக் குறிப்பிடுகின்றன. துறவியர் வாழ்ந்த இடத்தில் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். பள்ளி பள்ளிக்கூடம் ஆயிற்று. இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல் ஆயிற்று. மலையாள நாட்டில் கிறித்தவ ஆலயமும் பள்ளியே. கான்வென்ட் என்ற சொல்லைத் தமிழர் நடத்திச் சென்றது, பள்ளி ஏற்கெனவே நடந்து தடமாக்கிவிட்ட வழியில்தான்.

கூட்டத்தார் தோட்டம் என்ற கருத்துக்கும் நம்மிடம் சொல் இருந்தது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பள்ளிச்சந்தம் என்கின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தது அந்த வகையே. கொல்லம் கடற்கரையில் பள்ளித்தோட்டம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. கோவென்ட் கார்டனைப் பெயர்க்கச் சொன்னால் புதிதாக ஆக்கவும் தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல் வரும், அதையும் அவிழ்த்துவிடலாம். கான்வென்ட்டுக்குக் கன்னிமாடம் என்று எழுதுவோரும் கன்னியர் மடம் என்று எழுதுவோரும் உண்டு. மாடம், சங்க நூல்கள் பாடும் உயர்ந்த மனை. கன்னிமாடம் என்பது மணமாகாத அரசிளங்குமரியர் வாழும் அரண்மனைப் பகுதி. மடமோ வடமொழி வழிவந்த துறவியர் இல்லம். ஒரு குறில் நெடிலாகும்போது துறவி இளவரசியாகிறாள். துறவுக்கு மடமே பொருந்தும்.

ஊர்ப்பெயர்கள் திருத்தத்துக்குத் தப்புவது எப்போதும் நிகழ்வதன்று. நாம் அதைப் பட்டறிந்தவர்கள். மறைக்காடு வேதாரண்யமாகவும், முதுகுன்றம் விருத்தாசலமாகவும் ஆனது, பொருள் தெரிந்தவர்கள் செய்த பெயர்ப்பால். பொருள் மறந்த பெயரை யாரும் பெயர்க்கவில்லை. அதனால் சில வேளை மறதியும் ஒரு காப்பே. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகத் தேய்ந்து, 1982இல் தன் பெயரைத் திரும்பப் பெற்றது அரிதான நல்லூழ்.

கோவென்ட் கார்டனின் பெயருக்கு வந்த கடைசிச் சோதனை 1974. நெரிசல் தாங்காமல் காய்கறி, பழ, பூச் சந்தை முழுவதும் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நைன் எல்ம்ஸ் என்ற பகுதிக்குப் பெயர்ந்தது. ‘ஒன்பது எல்ம் மரங்கள்’ என்று அதற்கும் ஒரு தாவரப் பெயர். அங்கே மடம் இருந்ததில்லை, துறவியர் தோட்டம் போட்டதில்லை, பெட்ஃபர்டு கோமகனுக்கு உரிமையும் இல்லை. புதிதாக ஒரு பெயர் எழுத அதைவிட வசதியான நேரம் வாய்க்காது. விரும்பியிருந்தால் அப்போதாவது னகரத்தைச் சேர்த்திருக்கலாம். சந்தையார் வைத்த பெயர் ‘நியூ கோவென்ட் கார்டன் மார்க்கெட்’. ‘புதிய’ என்ற அடையோடு நிற்கும் அந்தச் சொல்லின் ஒலி, நார்மன் காலத்துப் பழையது.